18 வருட சிங்கிள் மால்ட்: நெடிதான் வருது, வாசனை வரல. எங்கே தப்பு?

அடையாறு_ஆலமரம்:
வணக்கம். கையில் இருப்பது புனஹாவன் 18, ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கி (ஒரே ஆலையில் பார்லி மால்ட்டில் செய்தது), 700 மில்லி, ஆல்கஹால் 46.3%. ஹாலில் ஏசி கிடையாது, ராத்திரி ஒன்பது மணிக்கும் 32, 33 டிகிரி. அகலவாய் டம்ளரில் 30 மில்லி ராவாக ஊற்றி மோந்தால் ஸ்பிரிட் நெடிதான் முதலில் அடிக்குது. ஐஸ் போட்டால் நெடி அடங்குது, கூடவே வாசனையும் அடங்கிடுது. ஷெர்ரி ஒயின், உலர்பழம், உப்புன்னு எல்லாரும் சொல்றது எதுவும் பிடிபடல. பாட்டில்ல குறையா, குடிக்கிற முறையிலயா? தண்ணி சேர்க்கலாமா, எவ்வளவு? திறந்த பாட்டில் நம்ம ஊர் வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும்? தெரிஞ்சவங்க அளவோட சொன்னா உதவியா இருக்கும்.

பீப்பாய்_வாசம்:
பாட்டில்ல குறை இருக்க வாய்ப்பு கம்மி. கெடுக்கிறது அந்த 33 டிகிரி. 20 டிகிரியில் இருக்கிறதைவிட 33 டிகிரியில் ஆல்கஹாலோட ஆவியழுத்தம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அது கிளாஸ் வாயை நிரப்பிட்டா மத்த வாசனைக்கு மூக்கில் இடமே இருக்காது. ரூம் டெம்பரேச்சரில் குடிங்கன்னு எழுதுறவங்க மனசுல வெச்சிருக்கிறது 18, 20 டிகிரி. சென்னையில ஏசி இல்லாம அது மார்கழி விடியற்காலையில் மட்டும்தான் கிடைக்கும்.

அதனால முதல் வேலை, ஏசி இருக்கிற அறைக்கு மாறுங்க. 23, 24ல வெச்சு, பாட்டிலையும் கிளாஸையும் ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ளே கொண்டுபோய் வைங்க. சீலிங் ஃபேனை நிறுத்திடுங்க, கிளாஸுக்கு மேல நிக்கிற வாசனையை அது அள்ளிக்கிட்டுப் போயிடும். கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிப்பூ எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

அடுத்து கிளாஸ். அடி அகன்று வாய் குறுகினது வேணும். 2001ல வந்த கிளென்கேர்ன் இதுக்குன்னே செஞ்சது, ஆன்லைனில் கிடைக்குது. இல்லைன்னா சின்ன ஒயின் கிளாஸ் போதும். பெரிய பிராந்தி பலூன் கிளாஸ் வேண்டாம். உள்ளங்கைச் சூடு பட்டு அதுல ஆவி இன்னும் தேங்கும். எந்தக் கிளாஸா இருந்தாலும் அடியைப் பிடிங்க. ஊத்துறதுக்கு முன்னாடி வெறுங்கிளாஸை மோந்து பாருங்க. பாத்திர சோப், அலமாரி மரம், அந்துருண்டை, இதுல ஏதாவது ஒண்ணு பல கிளாஸ்ல இருக்கும். இருந்தா சோப் இல்லாம வெந்நீரில் அலசி, துணியால துடைக்காம கவிழ்த்துக் காயவிடுங்க.

20 மில்லி போதும். ஊத்தினதும் சின்ன எவர்சில்வர் மூடி போட்டு 10, 15 நிமிஷம் விட்டுடுங்க. மூடியை எடுத்ததும் வர்ற முதல் நெடியை மோக்காதீங்க, அது போகட்டும். அப்புறம் வாயை லேசா திறந்து வெச்சுக்கிட்டு, கிளாஸை மோவாய்க்குப் பக்கத்துல இருந்து மெல்ல மேல கொண்டுவாங்க. நெடி குத்துற இடத்துக்கு ஒரு விரல்கடை கீழே நிறுத்தினா பழ வாசனை கிடைக்கும். ஒயின் மாதிரி சுழற்றக் கூடாது. சுழற்றினா மறுபடி ஆல்கஹால்தான் மேலே வரும். சாய்ச்சுப் பிடிச்சா போதும்.

முதல் மடக்கு 2, 3 மில்லி, அது நாக்கைப் பழக்க மட்டும். அதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. ரெண்டாவது மடக்கை 10, 15 வினாடி நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கி, வாயை மூடிக்கிட்டு மூக்கு வழியா மூச்சை விடுங்க. நீங்க தேடுற ஷெர்ரியும் உப்பும் பெரும்பாலும் அந்த மூச்சுலதான் தெரியும்.

தண்ணீர்க்_கணக்கு:
மேலே சொன்னது எல்லாம் சரி. தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன். கட்டாயம் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் கண்மட்டத்தில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் கிடைக்கும், அது போதும்.

கணக்கு எளிது. விஸ்கியின் அளவை அதன் சதவீதத்தால் பெருக்கி, உங்களுக்கு வேண்டிய சதவீதத்தால் வகுத்தால் மொத்த அளவு வரும். அதில் விஸ்கியைக் கழித்தால் மிஞ்சுவது தண்ணீர். உங்கள் பாட்டிலுக்கு 30 மில்லியில் 2.5 மில்லி சேர்த்தால் ஏறத்தாழ 42.7%, 5 மில்லி சேர்த்தால் 39.7%, 10 மில்லி சேர்த்தால் 34.7%. ஒவ்வொரு முறையும் சேர்த்துவிட்டு இரண்டு, மூன்று நிமிடம் பொறுத்து மோந்து பாருங்கள். இந்தப் பாட்டிலுக்கு 5 மில்லியில் நிறுத்துவது என் கட்சி. அதற்கு மேல் மணம் விரிந்தாலும் வாயில் கனம் குறைகிறது.

தண்ணீர் ஏன் உதவுகிறது என்பதற்கு 2017ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் ஒரு விளக்கம் தந்தார்கள். புகைமணம் தரும் குவையகோல் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 45% வரை இருக்கும்போது பெரும்பாலும் திரவத்தின் மேற்பரப்பில் நிற்கிறது. 59%க்கு மேல் போனால் ஆல்கஹாலால் சூழப்பட்டு உள்ளே போய்விடுகிறது. அதனால் 58, 60 சதவீதத்தில் வரும் கேஸ்க் ஸ்ட்ரெங்த் (கேஸ்க், அதாவது பீப்பாயில் இருந்தபடியே தண்ணீர் கலக்காமல் அடைத்த) பாட்டிலைத் தண்ணீர் இல்லாமல் எடைபோடவே முடியாது. 58% மால்ட்டை 46%க்குக் கொண்டுவர 30 மில்லிக்கு ஏறத்தாழ 8 மில்லி வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 25, 30 வருடம் மரத்தில் கிடந்து 40, 43 சதவீதத்தில் பாட்டிலான மால்ட்டுக்கு இதே கையைக் காட்டாதீர்கள். நீண்ட நாள் கேஸ்க்கில் இருந்தால் மரத்தின் துவர்ப்புப் பொருளான டானின் ஏறியிருக்கும். தண்ணீர் கூடினால் பழம் கரைந்து கடுக்காய்த் துவர்ப்பு மட்டும் முன்னால் நிற்கும். அங்கே இங்க் ஃபில்லரால் இரண்டு சொட்டு, பிறகு இன்னும் இரண்டு. அவ்வளவே.

அடையாறு_ஆலமரம்:
ரொம்ப நன்றி. தண்ணின்னா எந்தத் தண்ணி? வீட்டுல மெட்ரோ வாட்டரும் கேனும்தான். ஏசி இருக்கிறது படுக்கையறை, அங்க கூட்டமா உட்கார முடியாது. பாட்டிலை ஃப்ரிட்ஜில் வெச்சு எடுத்தா ஆகாதா? சைடிஷ் மிளகு சிக்கன் ஓகேவா?

தண்ணீர்க்_கணக்கு:
மெட்ரோ வாட்டர் வேண்டாம், குளோரின் முதலில் முந்தும். கொதிக்கவைத்து ஆறவைத்தால் குளோரின் பெரும்பாலும் போகும். போர்வெல் தண்ணீரின் உப்பு கொதிக்கவைத்தாலும் போகாது. கேன் தண்ணீர் பரவாயில்லை. வெயிலில் கிடந்த கேன் என்றால் பிளாஸ்டிக் வாசம் ஏறியிருக்கும். கொஞ்சம் தண்ணீரை அதே கிளாஸில் ஊற்றி, மூடி போட்டுக் குலுக்கி, திறந்து மோந்து பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் சேர்க்கலாம். ஆர்.ஓ. தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைப்பது இன்னும் நல்லது.

பீப்பாய்_வாசம்:
ஃப்ரிட்ஜ் கடைசி வழிதான், ஆனா செய்யலாம். கதவு அடுக்கில் பாட்டிலை நிக்க வெச்சுக் குளிரவிடுங்க. ஃப்ரீசர் கூடவே கூடாது. கிளாஸை ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க, உள்ளே ஈரம் படியும், ஃப்ரிட்ஜில் இருக்கிற சாம்பார் வாசனையும் ஏறும்.

கிளாஸ் வியர்த்தா அளவுக்கு மீறிக் குளிர்ந்துடுச்சுன்னு பல பேர் சொல்வாங்க. ஏசி அறையில் அது சரி. ஏசி இல்லாத சென்னை அறையில், காத்துல இருக்கிற ஈரத்துக்கு 20 டிகிரி கிளாஸே வியர்க்கும். அதை வெச்சுக் கணக்குப் போட முடியாது. சமையலுக்கு வர்ற குச்சி தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பாருங்க. 20க்கும் 24க்கும் நடுவில் இருந்தா ஊத்திக் குடிக்கலாம். ஃபேன் மட்டும் இருக்கிற ஹாலில் 20 மில்லி சீக்கிரம் சூடேறிடும். மோக்கிற வேலையை முதல்லயே முடிச்சிருங்க.

இன்னொண்ணு. குளிர்ந்தாலோ தண்ணி சேர்த்தாலோ உங்க பாட்டில் லேசா பால் கலந்த மாதிரி மங்கலாம். புனஹாவன் 18 குளிர்வடிகட்டல் (குளிரவெச்சு எண்ணெய்ப்பசையை வடிகட்டி எடுக்கிறது) செய்யாதது. எண்ணெய்ப்பசையுள்ள எஸ்டரும் கொழுப்பு அமிலமும் அதில் அப்படியே இருக்கு. 46%க்குக் கீழே போனா அது கரையாம மிதக்கும். கெட்டுப்போனதுன்னு ஊத்திக் கொட்டிடாதீங்க. வாயில் அந்த வழவழப்பைத் தர்றதே அதுதான்.

ராயபுரம்_ருசி:
மிளகு சிக்கன் வேண்டவே வேண்டாம் சார். மிளகாய்க் காரம், மிளகுக் காரம், ஆல்கஹால் சுடுறது மூணும் நாக்கில் ஒரே ஏற்பியைத்தான் தட்டுது. காரம் சாப்பிட்ட நாக்குக்கு 46% மால்ட் 60% மாதிரி எரியும். உங்களுக்கு எரிச்சல் மட்டும் வந்ததுக்கு சைடிஷும் ஒரு காரணமா இருக்கலாம். ரெண்டு மணி நேரம் முன்னாடி இட்லி, தயிர் சாதம் மாதிரி காரமில்லாம சாப்பிட்டுடுங்க. வெறும் வயித்துல வேண்டாம். ஃபில்டர் காபி, வெற்றிலை பாக்கு, மவுத்வாஷ் மூணுமே நாக்கை மரக்கடிக்கும். நடுவுல தண்ணியும், உப்பில்லாத முந்திரியும் போதும்.

வாசனைக்கு விஸ்கி பத்தி எழுதுறவங்க சொல்ற பேரையே தேடாதீங்க. நம்ம மூக்குக்குத் தெரிஞ்சதைத் தேடுங்க. ஷெர்ரி ஒயின் இருந்த கேஸ்க்னா பேரீச்சை, கிஸ்மிஸ், கருப்பட்டிப் பாகு, கிராம்பு. கிராம்பு வாசனைக்குக் காரணமான யூஜினாலே ஓக் மரத்தில் இருக்கு. பர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த கேஸ்க்னா வெண்ணிலா, வறுத்த தேங்காய்த் துருவல். பழுத்த வாழை, பலா வாசனை வந்தா அது எஸ்டர், நொதிக்கும்போதே உண்டாகிறது. பீட் (சதுப்பு நிலக் கரிமண்) புகைன்னா விறகடுப்புக் கரி, டெட்டால். உங்க பாட்டில் ஸ்காட்லாந்தோட ஐலா தீவுச் சரக்குதான், ஆனா புனஹாவன் பெரும்பாலும் பீட் புகை போடாத மால்ட். புகையைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. எரிஞ்ச தீக்குச்சி வாசனை லேசா வந்தா அது கந்தகம், ஷெர்ரி கேஸ்க்ல வர்றது உண்டு. கிளாஸ்ல 20 நிமிஷம் விட்டா பெரும்பாலும் தணியும்.

கிண்டி_கேஸ்க்:
கிளாஸ் ஓரத்தில் இறங்குற கோடுகளையும் பாருங்க. மெதுவா இறங்கினா பழைய சரக்கு. கலர் அடர்த்தியா இருந்தாலும் அப்படித்தான்.

தண்ணீர்க்_கணக்கு:
இரண்டுமே நம்பத் தகுந்தவை அல்ல. கோடுகள் முக்கியமாக ஆல்கஹால் அளவைத்தான் காட்டும். 60% இளம் மால்ட் இதைவிட அழகாகக் கோடு போடும். நிறத்துக்கு, 2009ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி தண்ணீரோடு வெறும் கேரமல் நிறமியும் சேர்க்கலாம். சட்டம் கேட்பது ஓக் கேஸ்க்கில் குறைந்தது 3 வருடம், பாட்டிலில் குறைந்தது 40%. லேபிளில் உள்ள 18 என்பது உள்ளே கலந்ததிலேயே இளைய விஸ்கியின் வயது. வயதுக்கு அந்த எண்ணை மட்டும் நம்புங்கள். புனஹாவன் 18ல் நிறமி சேர்ப்பதில்லை, அதனால் அந்த நிறம் மரம் தந்ததுதான்.

பீப்பாய்_வாசம்:
சேமிப்புக் கேள்வி விட்டுப்போச்சு. பாட்டிலை நிக்கத்தான் வைக்கணும். ஒயின் மாதிரி படுக்கவெச்சா 46% ஆல்கஹால் கார்க்கை அரிச்சுடும். பரண்ல வைக்காதீங்க. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற பரண் கத்திரி வெயில்ல அடுப்பு. உள்ளே காத்து விரிஞ்சு கார்க்கைத் தள்ளும், ராத்திரி சுருங்கும், அந்த இடைவெளியில் வாசனை போகும். மேற்குச் சுவரில்லாத அறையில், மர அலமாரியின் கீழ்த்தட்டு நல்ல இடம்.

பாதிக்கு மேல இருக்கிற வரைக்கும் ஒரு வருஷம் கவலையில்லை. மூணில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினா நாலஞ்சு மாசத்துல முடிச்சுடுங்க, இல்லைன்னா 200 மில்லி கண்ணாடி பாட்டிலுக்கு கழுத்து வரைக்கும் நிரப்பி மாத்துங்க. இருமல் மருந்து, வினிகர் இருந்த பாட்டில் எவ்வளவு கழுவினாலும் ஆகாது. காத்து பட்டா முதல்ல போறது மேலாப்புல இருக்கிற பழ வாசனை, அப்புறம் மிஞ்சுறது அட்டை வாசம்.

கூட்டமா உட்காரும்போது ஆளுக்கு 20 மில்லியா, மூணு மால்ட்டுக்கு மேல போகாதீங்க. பர்பன் கேஸ்க் முதல்ல, ஷெர்ரி அடுத்து, பீட் கடைசி. பீட் முன்னாடி வந்தா மத்தது எதுவும் தெரியாது. வண்டியைத் தொடவே வேண்டாம், சட்டவரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான்.

அடையாறு_ஆலமரம்:
கடைசியா ஒண்ணு. கார்க் உடைஞ்சு உள்ளே விழுந்துட்டா?

பீப்பாய்_வாசம்:
டீ வடிகட்டி துளை பெரிசு, தூள் இறங்கிடும். காபி ஃபில்டர் பேப்பரை வெந்நீரில் ஒரு தடவை அலசி, பேப்பர் வாசம் போனதும் பிழிஞ்சுட்டு, அது வழியா சுத்தமான கண்ணாடி ஜாடிக்கு வடிங்க. பாட்டிலைக் கழுவிக் காயவெச்சு திருப்பி ஊத்தலாம். இனிமே காலியான மால்ட் பாட்டிலோட கார்க்கைத் தூக்கிப் போடாதீங்க. கழுத்து அளவு ஒண்ணுக்கொண்ணு மாறும், நாலஞ்சு இருந்தா ஏதாவது ஒண்ணு பொருந்தும்.