பர்டூ இந்த சீசன் நம்பர் 1: உங்களை இன்னும் விடாத ஆட்டம் எது?

லஃபயட்_கோவைக்காரன்

2025-26 கல்லூரிக் கூடைப்பந்து சீசன் தொடங்க இன்னும் ஒரு வாரம்தான். ஒரு பந்துகூடப் போடுவதற்கு முன்பே பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடும் ஏபி பட்டியலில் நம்பர் 1. நம் பர்டூ பல்கலைக்கழகத்துக்கு இது முதல் தடவை. லேபில், பஸ்ஸில், முடிவெட்டப் போன இடத்தில்கூட "இந்த முறை கப் நமக்குத்தான்" என்கிறார்கள். எனக்கு 2023 மார்ச் 17 ராத்திரி நெஞ்சிலேயே நிற்கிறது. அதை இறக்கி வைக்காமல் இந்த சீசனைப் பார்க்க முடியாது.

கொலம்பஸுக்கு நாலு பேர் ஒரே காரில் போயிருந்தோம். மார்ச் தேசியப் போட்டியின் முதல் சுற்று. எதிரே ஃபேர்லி டிக்கின்சன், 16ஆம் இடத்து அணி, அதாவது வரிசையில் கடைசி; நாம் 1ஆம் இடம். நாட்டிலேயே உயரம் குறைந்த அணி அது. நம் பக்கம் 7 அடி 4 அங்குலம் ஸாக் ஈடி. 63-58. எப்படித் தோற்றோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். கறுப்பு ஸ்வெட்டர், மடியில் கோடு போட்ட நோட்டு, கையில் பென்சில். ஒவ்வொரு கூடைக்கும் யார் போட்டது, எத்தனை பாயிண்ட் என்று குறித்துக்கொண்டே இருந்தார். கடைசி ஒரு நிமிடம் இருக்கும்போது அவர்களின் ஷான் மூர் ஒரு த்ரீ (மூன்று பாயிண்ட் கூடை) போட்டான். அந்த ஊர்ப் பக்கத்துப் பையன் வேறு. அரங்கமே அவர்கள் பக்கம் சாய்ந்து கத்தியது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவர் குனிந்து, எதிரணிப் பத்தியில் '3' என்று எழுதினார். அதற்கு மேல் இருந்த எண்கள் எப்படி இருந்தனவோ அதே மாதிரி, அதே அழுத்தத்தில். ஆட்டம் முடிந்ததும் கூட்டிப் பார்த்து, அடியில் கோடு போட்டு, நோட்டை மூடினார்.

அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசாமல் வந்துவிட்டேன். உங்களுக்கு எது?

இண்டி_அப்பா

எனக்கு இந்த வருடம் மார்ச் 28, ஹூஸ்டன் ஆட்டம். லூகாஸ் ஆயில் ஸ்டேடியம், வீட்டிலிருந்து இருபது நிமிடம். பத்து வயது மகளைக் கூட்டிப்போனேன். அவளுக்கு அதுதான் முதல் மார்ச் ஆட்டம்.

பின்தங்கியிருந்து எப்படியோ 60-60க்குக் கொண்டுவந்துவிட்டோம். பந்து அவர்கள் கையில், மூன்று நொடிகூட மிச்சமில்லை. "ஓவர்டைமா அப்பா?" என்று கேட்டாள். "ஆமாம்டா, ஓவர்டைம்தான்" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை. ஹூஸ்டனின் உசான் கோட்டுக்கு வெளியே நின்று தன் அணியின் டக்ளரிடம் போட்டான், தானே உள்ளே ஓடினான், பந்து திரும்பி அவன் கைக்கே வந்தது, போட்டுவிட்டான். மிச்சம் 0.9 நொடி. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அப்பா சொன்னது நடக்கவில்லையே என்ற அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

வரும் 2026 ஏப்ரலில் ஃபைனல் ஃபோர், கடைசி நாலு அணிகளின் ஆட்டம், அதே ஸ்டேடியத்தில்தான். நம் ஆட்டக்காரர்கள் ஸ்மித், லாயர், காஃப்மன்-ரென் மூவருக்கும் இது கடைசி வருடம். ஆளாளுக்கு அணி மாறிப் போகும் இந்தக் காலத்தில் மூன்று பேரும் இங்கேயே இருந்துவிட்டார்கள். என் மகள் தீபாவளிக் காசை உண்டியலில் போட்டு, மேலே 'ஏப்ரல்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அவளிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்காபரோ_பொடியன்

நான் பர்டூவில் படித்தவன் இல்லை. ஈடி எங்கட டொராண்டோப் பிள்ளை என்றபடியால் பார்க்கத் தொடங்கினேன். ஹாக்கியும் பேஸ்பாலும் விளையாடின பிள்ளை, பிந்தித்தான் கூடைப்பந்துக்கு வந்தது. அதுவே எங்களுக்குப் பெரிய புளுகம்.

2024 ஏப்ரல் 8, கனெக்டிகட்டோடு இறுதி ஆட்டம். அம்மாவும் கூட இருந்து பார்த்தா. அவவுக்கு விதியெல்லாம் தெரியாது. இரண்டாம் பாதியில் கேட்டா: "இந்த உயரமான பிள்ளைக்கு ஏன் ஒருத்தரும் உதவி செய்யினம் இல்லை?"

பிறகு யோசித்தால், கனெக்டிகட் செய்தது அதுதான். ஈடியை ஒருத்தரோடு விட்டுப்போட்டு மற்ற நாலு பேரையும் கட்டிப்போட்டார்கள். அவன் 37 அடித்தும் 75-60. முழு ஆட்டத்திலும் எங்களுக்கு ஒரேயொரு த்ரீதான் விழுந்தது. வீட்டில் எல்லாரும் நடுவரைத் திட்டிக்கொண்டிருக்க, அம்மா ஒரு கேள்வியில் ஆட்டத்தைச் சொல்லிப்போட்டா.

அதனால்தான் இந்த முறை எனக்கு நம்பிக்கை. பந்து ஸ்மித் கையில் இருக்கும், ஒரு ஆளை நம்பின அணி இல்லை இது.

சிகாகோ_இருபதாண்டு

என் அனுபவம் சின்னது. 2022 அக்டோபரில் நார்த் கரோலினா சீசனுக்கு முன் நம்பர் 1. அங்கே படித்த நண்பர் ஒருவர் மார்ச் மாதத்துக்கு லீவே எழுதிக் கொடுத்துவிட்டார். அணி மார்ச் போட்டிக்கான 68 அணிகள் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. அந்த ஞாயிறு மாலை அவர் வீட்டு டிவியில் பெயர்கள் வாசித்து முடித்தபின் அவர் ரிமோட்டைக் கையில் வைத்தபடியே இருந்தார், அணைக்கவில்லை. அவ்வளவுதான்.

இனி எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில், அந்த நம்பர் 1ஐ மறந்துவிடுங்கள். போன சீசனுக்கு முன் கான்சஸ் நம்பர் 1, முதல் சுற்றிலேயே ஆர்கன்சாஸிடம் போனது. 2025 வரை பார்த்தால், சீசனுக்கு முன் நம்பர் 1 ஆக இருந்து கப்பும் வாங்கியது கடைசியாக 2009இல், நார்த் கரோலினா. நாம் ஆடும் பிக் டென் பிரிவிலிருந்து 2025 வரை கப் வாங்கியது கடைசியாக 2000இல், மிச்சிகன் ஸ்டேட். நம் கதை இன்னும் பழையது. ஜான் வுட்டன் பர்டூவுக்கு ஆடிய நம் பிள்ளை. அவர் பயிற்சியாளராகப் போய்ப் பத்து கப் வாங்கிக் கொடுத்தது யுசிஎல்ஏவுக்கு. 1969 இறுதியில் 92-72 என்று நம்மையே அடித்தார். அதன்பின் 1980, அதன்பின் 2024. ஃபைனல் ஃபோர் என்று நமக்கு மொத்தம் இந்த மூன்றுதான்.

அப்புறம், ஏப்ரல் டிக்கெட்டை இப்போதே வாங்காதீர்கள். ஜனவரி வரை யாருக்கு அடிபடுகிறது என்று பாருங்கள். 2010 பிப்ரவரியில் நம் ஆட்டக்காரர் ஹம்மலுக்கு முழங்கால் போனதும் அந்த சீசன் என்னவானது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். மார்ச்சில் நம்மை அடித்தவர்கள் 2021இல் 13ஆம் இடம், 2022இல் 15, 2023இல் 16. வெளியூர் ஆட்டங்களைத் தவறாமல் பாருங்கள், அணியின் நிஜம் அங்கேதான் தெரியும். நம் சொந்த அரங்கமான மெக்கியில் யார் வந்தாலும் தடுமாறுவார்கள், அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஆட்டம் முடிந்த ராத்திரி யாருடனும் வாக்குவாதம் வேண்டாம். இண்டி அப்பா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், குழந்தையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்த உண்டியலை வேறு எதற்காவது மாற்றச் சொல்லுங்கள். ஏமாற்றம் குறையும்.

ஆஸ்டின்_பழைய_மாணவி

சிகாகோ அண்ணா, உங்கள் புள்ளிவிவரம் எல்லாம் சரி. ஆனால் உண்டியலை மாற்றச் சொல்ல நமக்கு என்ன உரிமை? அவர் யோசனை கேட்கவே இல்லையே.

எனக்கு 2019, வர்ஜீனியா. எங்கள் குடியிருப்பில் பொது அறையில் முப்பது பேர் இருந்தோம். நம் கார்சன் எட்வர்ட்ஸ் அன்று 42 அடித்தான், எங்கிருந்து போட்டாலும் உள்ளே போனது. 70-68 என்று நாம் முன்னால், ஆறு நொடிகூட இல்லை, வர்ஜீனியாவின் ஜெரோமின் இரண்டாவது ஃப்ரீ த்ரோ தவறியது. பந்து எங்கோ பின்னால் பறந்தது. முடிந்தது என்று என் லேப் தோழி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் முதுகு டிவிக்கு. அவள் தோளுக்கு மேலே எனக்குத் திரை தெரிகிறது. அவர்களின் கிளார்க் பாதி மைதானத்துக்கும் பின்னாலிருந்து பந்தை எறிகிறான், டியாகிட்டே வாங்கிப் போடுகிறான், சைரன், பந்து உள்ளே. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஓவர்டைமில் 80-75 என்று தோற்றோம்.

அந்த வர்ஜீனியா அதற்கு முந்தைய வருடம்தான் 16ஆம் இடத்து அணியிடம் தோற்றது. ஆண்கள் போட்டி வரலாற்றில் அப்படித் தோற்ற முதல் 1ஆம் இடத்து அணி. மறுவருடம் கப் வாங்கியது. 2023இல் நமக்கும் அதே அடி விழுந்தபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டேன், மறுவருடம் இறுதிவரை போனோம். புள்ளிவிவரம் பார்த்து ஆசைப்பட்டிருந்தால் அதையும் பார்த்திருக்க மாட்டேன். இண்டி அப்பா, உண்டியல் அப்படியே இருக்கட்டும்.

சிகாகோ_இருபதாண்டு

தங்கச்சி சொன்னது உறைத்தது. என் பையன் 2023 ராத்திரி சாப்பிடாமல் படுத்தான், அந்த நினைப்பில் எழுதிவிட்டேன். ஆனால் டிக்கெட் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

மெக்கி_முதலாண்டு

நான் ஆகஸ்டில்தான் மதுரையிலிருந்து வந்தேன், எம்.எஸ். இங்கே எல்லோருக்கும் ஒரு காயம் இருக்கிறது, எனக்கு இன்னும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கென்டக்கியுடன் ஆடிய ஆட்டத்தை ரூமில் பார்த்தோம். கணக்கில் வராத ஆட்டம்தான். 78-65 என்று தோற்றதும் என் ரூம்மேட், பிறந்ததிலிருந்து இண்டியானாக்காரன், ஒன்றுமே பேசாமல் எழுந்து துணி துவைக்கப் போய்விட்டான். "காஃப்மன்-ரென் ஆடவில்லையே" என்று நான் சொன்னதற்கு, "நீ இன்னும் மார்ச் பார்க்கவில்லை" என்றான். இந்த இழையைப் படித்தபின்தான் அது என்னவென்று கொஞ்சம் புரிகிறது.

லஃபயட்_கோவைக்காரன்

தம்பி, 4ஆம் தேதி எவன்ஸ்வில் ஆட்டத்துக்கு வருகிறாயா? மாணவர் ரசிகர் கூட்டமான பெயின்ட் க்ரூ பக்கம் சீக்கிரம் வந்தால்தான் கீழ்வரிசை கிடைக்கும். குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். ரூம்மேட்டையும் கூட்டி வா.

இண்டி_அப்பா

நேற்று ராத்திரி மகளிடம் இதெல்லாம் வாசித்துக் காட்டினேன். அந்த நோட்டுத் தாத்தா கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இன்று கடைக்குப் போனபோது கோடு போட்ட நோட்டு ஒன்று கேட்டாள். 4ஆம் தேதி நாங்களும் வருகிறோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து யார் போட்டது என்று சொல்ல ஆள் வேண்டும். அணியில் எனக்கே பாதிப் பேரைத்தான் தெரியும்.