வீட்டிலேயே பார்ட்டி: எல்லாம் நாமே செய்தால் உண்மையில் மிச்சமாகிறதா? (புனைபெயரில் நால்வர் விவாதம்)

வரவுசெலவு:
இருபது குழந்தைகளுக்கு வீட்டில் பிறந்தநாள் விருந்து. சாப்பாடு, கேக், தோரணம், விளையாட்டு எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் செலவு பாதியாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். சமையலில் இதை ஒப்புக்கொள்கிறேன். அலங்காரத்தில் இல்லை. பசையை உருக்கி ஒட்டும் க்ளூ கன், பூ வடிவம் வெட்டும் பஞ்ச், மினுமினுப்புத் தாள், ரிப்பன் என்று ஒரு நாளுக்காக வாங்குவதைக் கூட்டிப் பார்த்தால், கடையில் தயாராக விற்கும் தோரணமே மலிவு. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

காகிதப்பூ:
கணக்கோடே வருகிறேன். ஏ4 தாள் 21 x 29.7 செ.மீ. அதைக் குறுக்குவாட்டில் வைத்து, சாய்கோடுகளாக மேலும் கீழும் மாறி மாறி வெட்டிக்கொண்டே போனால் 21 செ.மீ உயரமும் ஏறக்குறைய 15 செ.மீ அகலமும் உள்ள முக்கோணக் கொடிகள் மூன்று கிடைக்கும். ஓரத்தில் மிஞ்சும் இரண்டு அரைத் துண்டுகளை ஒட்டினால் நான்காவது. கொடிக்குக் கொடி 5 செ.மீ இடைவெளி விட்டுக் கட்டினால் 5 மீட்டர் தோரணத்துக்கு 25 கொடிகள், ஒட்டாமல் தாளுக்கு மூன்று என்று எடுத்தாலும் ஒன்பது தாள் போதும். ஒருபக்கம் அச்சடித்த பழைய தாளாக இருந்தாலும் பரவாயில்லை, மறுபக்கத்தில் குழந்தையே வண்ணம் தீட்டட்டும். பசைக்கு மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கட்டியில்லாமல் காய்ச்சினால் ஆயிற்று. இதில் எதைக் கடையில் வாங்கினோம்?

நீங்கள் சொல்லும் செலவு, கையால் செய்வதால் வருவதில்லை. கைவினைப் பொருட்கள் விற்கும் கடைக்குள் நுழைவதால் வருகிறது.

வரவுசெலவு:
உங்கள் ஒன்பது தாளுக்கு நான் எதிரியில்லை. ஆனால் நடைமுறையில் யாரும் அதோடு நிறுத்துவதில்லையே. படங்களைப் பார்த்துவிட்டு பலூன் வளைவு வேண்டும் என்பார்கள். நடுத்தர அளவு வளைவுக்கே நூறு பலூனுக்குக் குறையாது. காற்றடிக்க ஒரு பம்ப், கோத்துக் கட்ட ஒரு பட்டை. மறுநாள் அத்தனையும் குப்பை. ‘வீட்டில் செய்தது’ என்ற பெயர் இருப்பதால் இந்தச் செலவு கண்ணில் படுவதில்லை.

அடுப்படி:
சாப்பாட்டுக்கு வருகிறேன், மிச்சம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் கிட்டத்தட்ட 2.4 கிலோ ஆகும். 400 கிராம் டின்னில் தண்ணீரை வடித்துவிட்டால் மிஞ்சுவது 240 கிராம்தான். ஆக ஒரு கிலோ கடலை பத்து டின்னுக்குச் சமம். இரண்டின் விலையையும் உங்கள் ஊரில் ஒப்பிட்டுப் பாருங்கள், நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

கேக்குக்கும் விசேஷக் கலவைப் பொட்டலம் தேவையில்லை. முட்டை, வெண்ணெய், சர்க்கரை, மைதா நான்கும் சம எடை. நான்கு முட்டையை உடைத்து நிறுத்துப் பார்த்து, மற்ற மூன்றையும் அதே எடைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பேக்கிங் பவுடர். இருபது பேருக்கு இரட்டிப்பாக்கி ஒரே அகலத் தட்டில் ஊற்றிச் சுட்டால் ஓவனை ஒரே தடவை சூடாக்கினால் போதும். அடுக்கு கேக்கில் ஆசை வைத்தால்தான் தட்டு, சுழல்மேடை, கிரீம் பிழியும் முனை என்று செலவு வளரும்.

மூன்றாம்கை:
எல்லோரும் பொருளின் விலையைப் பேசுகிறீர்கள். உழைப்பு யாருடையது? ஊறவைப்பது, வேகவைப்பது, கேக் சுடுவது, தாள் வெட்டுவது, கடைசியில் இருபது தட்டு கழுவுவது. பெரும்பாலான வீடுகளில் இது ஒரே ஆளின் தலையில் விழுகிறது, அவர் தன் குழந்தையின் விருந்தில் உட்காரக்கூட முடிவதில்லை. அந்த நேரத்துக்கு விலை போடாமல் ‘மிச்சம்’ என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுப்படி:
நியாயமான கேள்வி, ஆனால் அதற்கு விடை வெளியில் வாங்குவது இல்லை. எட்டு வகை வைத்தால் யாராலும் உட்கார முடியாதுதான். ஒரு பாத்திரத்தில் சோறு, ஒரு பாத்திரத்தில் கடலைக் குழம்பு, கேக், வெட்டிய பழம். இவ்வளவுதான் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கடலையை ஒரு வாரம் முன்பே வேகவைத்து ஃப்ரீசரில் வைக்கலாம். பாத்திரம் கழுவுவது சமைக்காதவர் வேலை. அதைப் பேசித் தீர்க்காத வீட்டில் வெளியே வாங்கினாலும் அதே ஆள்தான் பரிமாறிக்கொண்டிருப்பார்.

மூன்றாம்கை:
முன்கூட்டியே சமைப்பது என்றதும் பயம் வருகிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். கடலை சரி. சோறு அப்படியில்லை. பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பெரிய பாத்திரத்தில் நடுப்பகுதி ஆறவே பல மணி நேரம் பிடிக்கும். அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். பரிமாறும் மேசைக்கும் அதே இரண்டு மணி நேரம்தான்.

கடலைக்குப் பதில் ராஜ்மா போடுபவர்கள் நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவிடுங்கள். மெதுவாகப் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டில் அதிலுள்ள நச்சுப் புரதம் அழியாது. வீட்டுச் சமையல் என்பதாலேயே எல்லாம் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

காகிதப்பூ:
உழைப்பு பற்றி மூன்றாம்கை சொன்னதற்கு அலங்காரப் பக்கத்திலிருந்து ஒரு பதில். கைவேலையை விருந்துக்கு முந்தைய இரவு பெரியவர்கள் ஏன் முடிக்க வேண்டும்? வந்த குழந்தைகளே செய்யட்டும், அதுதான் விளையாட்டு. மைதா இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பிசைந்தால் உருவம் செய்யும் மாவு தயார். செய்ததை அவர்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாம், போகும்போது கொடுக்கும் பரிசுப் பைச் செலவும் இல்லை. இதையும் உங்கள் கணக்கில் சேருங்கள், வரவுசெலவு.

வரவுசெலவு:
சேர்க்கிறேன், கூடவே ஒரு நிபந்தனையையும் வைக்கிறேன். அந்த மாவில் உப்பு அதிகம், பச்சை மாவு வேறு. வாயில் போடும் வயதுக் குழந்தைகளுக்கு அது ஆகாது, வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக்கூடாது. பலூனிலும் நான் இறங்கிவர மாட்டேன். ஊதாத பலூனும் வெடித்த துண்டும் எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் மூச்சை அடைத்துவிடக்கூடியவை. கிளிட்டர் என்னும் மினுமினுப்புத் தூளும் வேண்டாம். உதிரியான பிளாஸ்டிக் கிளிட்டரின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடை கொண்டுவந்தது. அதைக் கேக்கின்மேல் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘நச்சற்றது’ என்று மட்டும் போட்டிருந்தால் அது சாப்பிடத் தக்கது என்று அர்த்தமில்லை.

அப்புறம், கடையில் வாங்கும் துணித் தோரணத்தைப் பத்து வருடம் பயன்படுத்தலாம். உங்கள் தாள் தோரணம்?

காகிதப்பூ:
மடித்து உறையில் வைத்தால் அடுத்த வருடமும் வரும், கிழிந்தால் இரண்டு கொடி மாற்றிக்கொள்ளலாம். துணியில்தான் வேண்டும் என்றால் பழைய சட்டை, போர்வை எல்லாம் வீட்டில் இருக்கிறதே. பலூனையும் கிளிட்டரையும் விடச் சம்மதம். தூவுவதற்குக் காய்ந்த இலைகளைப் பொறுக்கி, தாளில் துளை போடும் சாதாரணப் பஞ்சால் வட்டம் வட்டமாக வெட்டி வைத்துக்கொள்வேன். பெருக்கித் தோட்டத்தில் கொட்டிவிட்டால் மட்கிவிடும்.

மூன்றாம்கை:
பெருக்குவது யார் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள்.