பத்தாண்டுக்கு ஒரு படம்: மிச்சத்துக்கு எதைப் பார்க்கலாம்?

வணக்கம் சொந்தங்களே. திருமங்கலத்துல எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை ராத்திரி எல்லாரும் சேர்ந்து படம் பார்க்கிறோம். பத்தாண்டுக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ரகம்.

1954ல வந்த ‘அந்த நாள்’ல தொடங்கினோம். பாட்டே கிடையாது. ஒரு கொலை, ஆளாளுக்கு ஒரு கதை. காலேஜ் படிக்கிற மக போனைக் கவுத்து வச்சுட்டுப் பார்த்தா! அறுபதுக்கு ‘காதலிக்க நேரமில்லை’, வயிறு வலிக்கச் சிரிச்சோம். எழுபதுக்கு ‘உதிரிப்பூக்கள்’ எடுத்து வச்சாச்சு.

எண்பதுக்கு நல்ல திகில் படமும், தொண்ணூறுக்குக் கிராமத்துக் கதையும் வேணும். 2000க்கு மேல நம்ம மதுரைக் கதைதான் பார்க்கணும்னு ஆசை. ‘சுப்ரமணியபுரம்’ எனக்கு உசிரு, ஆனா அப்பத்தா ரத்தத்தைப் பார்த்தா எந்திரிச்சுப் போயிரும். வெட்டுக்குத்து இல்லாம நம்ம ஊரைக் காட்டுற படம் எது? அப்பத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், வசனம் தெளிவாக் கேக்குற பிரிண்ட் எங்க கிடைக்கும்னும் சொல்லுங்கண்ணே, அக்கா.