குழாய் சொட்டுகிறது என்று நாமே கை வைத்த அனுபவம், இன்னும் மனதில் நிற்பது எது?

மடிப்பாக்கம்_மாடிவீடு

2019 ஜூன். சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் காய்ந்து கிடந்தன. எங்கள் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. நாலு வீட்டுக்காரர்களும் காசு போட்டு லாரித் தண்ணீர் வாங்கி, சம்ப்பில் இறக்கி, மொட்டை மாடி டேங்குக்கு ஏற்றிப் பங்கு போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து எங்கள் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. கீழே டம்ளர் வைத்துப் பார்த்தேன். 200 மில்லி டம்ளர் பன்னிரண்டு நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு ஒரு லிட்டர், ஒரு நாளைக்கு 24 லிட்டர், ஒன்றரைக் குடம். தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறபோது இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

வாஷர் மாற்ற எனக்குத் தெரியும், முன்பே ரெண்டு மூன்று தடவை செய்திருக்கிறேன். மாடிக்குப் போய் எங்கள் லைனின் கேட் வால்வைத் திருகினேன். சுற்றிக்கொண்டே இருந்தது, மூடிவிட்டது என்று நினைத்து இறங்கி வந்துவிட்டேன். குழாயைத் திறந்து பார்க்கவில்லை. ஸ்பேனர் வைத்துத் தலைப்பகுதியின் கடைசி மரையைக் கழற்றிய நொடியில் அது ஸ்பிண்டிலோடு (கைப்பிடி மாட்டுகிற தண்டு) கையை விட்டுத் தெறித்தது, தண்ணீர் நேராக என் நெஞ்சில் அடித்தது. மனைவி ஓடிவந்து கட்டை விரலால் அழுத்திப் பிடித்தாள், விரலைச் சுற்றி நாலாபக்கமும் பீய்ச்சியது. டேங்கின் மெயின் வால்வை மூடலாம் என்று ஓடினால் அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கீழ் வீட்டுக்காரர் பைப் ரெஞ்ச் கொண்டுவந்து தட்டித் தட்டி மூடுவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. நாலு வீட்டுக்கு ரெண்டு நாள் வைத்திருந்த தண்ணீர் சாக்கடையில்.

சாயங்காலம் தரைத்தள வீட்டுப் பாட்டி காலிக் குடத்தோடு படியேறி வந்து நின்றார். "தண்ணி வரலையேப்பா, மோட்டார் போடலையா?" சம்ப்பில் ஒரு சொட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். "போடுறேன் பாட்டி" என்று சொல்லிவிட்டேன். நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அதுதான் இன்னும் போக மாட்டேன் என்கிறது.

சிறுவாணித்தண்ணி

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா. என்னுடையது இவ்வளவு பெரிது இல்லை. கோயம்புத்தூர், கால் சுற்றில் திறக்கிற புது மாடல் குழாய், போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. டேங்க் கழுவிய அடுத்த வாரத்திலிருந்து சொட்டல். வாஷர் என்று நினைத்துக் கழற்றினால் உள்ளே வாஷரே இல்லை, ரெண்டு வெள்ளைப் பீங்கான் வில்லை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கிறது, கண்ணாடி மாதிரி வழவழப்பு. ரெண்டையும் பிரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரே ஒரு மணல், கடுகில் பாதிகூட இருக்காது. அது போன வழியில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டின் வழியாகத்தான் அத்தனை நாளும் தண்ணீர் வந்திருக்கிறது! எனக்கு அதைக் கீழே வைக்கவே மனசு வரவில்லை, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த உள் பாகத்தை அப்படியே மாற்ற வேண்டியதுதான். கடைக்கு மூன்று நடை நடந்தேன். கைப்பிடி மாட்டுகிற பல் 20 இருக்கிறது, 24 இருக்கிறது, உயரமும் வேறு வேறு. பழசைக் கையில் எடுத்துப் போங்கள், போட்டோ வேலைக்கு ஆகாது.

ஸ்பேனர்_செட்

முதல் பதிவு போட்டவருக்கு: வருத்தம் புரிகிறது, ஆனால் தப்பு வாஷரில் இல்லை, சோதிக்காததில். லைனை மூடியதும் குழாயைத் திறந்து, தண்ணீர் வடிந்து நின்ற பிறகுதான் ஸ்பேனரையே எடுக்க வேண்டும். அதுவும் சென்னை உப்புத் தண்ணீரில் கேட் வால்வை யார் நம்புவார்கள்? உள்ளே கதவு மாதிரி ஒரு தகடு ஏறி இறங்கும், வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் உப்புப் படிந்து அது பாதியில் நிற்கும், இல்லை தண்டு மரை தேய்ந்து சும்மா சுற்றும். உங்களுக்கு ரெண்டாவது நடந்திருக்கிறது. பால் வால்வு (உள்ளே உருண்டை இருக்கிற வகை) போடுங்கள். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடும், அது குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் அதையும் போட்டுவிட்டு மறக்கக் கூடாது, ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் இறுகிவிடும். எந்த வால்வு எந்த லைனுக்கு என்று பெயிண்டால் எழுதி வையுங்கள். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள், பிள்ளைகளுக்கும்தான்.

என் கதை: பழைய குழாயை முழுசாக மாற்றப் போய், சுவருக்குள் இருந்த பிளாஸ்டிக் எல்போ (பைப்பை வளைத்துச் சேர்க்கிற துண்டு) உடைந்தது. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டைல்ஸை உடைக்க வேண்டி வந்தது.

வாடகைவீடு_திருப்பூர்

ஸ்பேனர் செட் சார், அவர் தப்பைத் தெரிந்துதானே எழுதியிருக்கிறார், அதை மறுபடி சொல்ல வேண்டுமா?

எனக்கு நடந்தது போன ஐப்பசியில். குழந்தைக்கு நாலு மாதம், ராத்திரியில் தூங்கவே தூங்காது. பாத்ரூம் குழாய் பக்கெட்டில் டப் டப் என்று சொட்டும், அந்தச் சத்தத்துக்கே விழித்துக்கொள்ளும். வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஆள் அனுப்புகிறேன் என்றார், பத்து நாள் ஆயிற்று. என் மாமியார்தான் ஒரு வழி செய்தார்: தடித்த பருத்தி நூலைக் குழாயின் மூக்கில் கட்டி நுனியைப் பக்கெட்டின் அடி வரைக்கும் விட்டார். சொட்டு நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் வழிந்து இறங்கியது. அன்றைக்கு ராத்திரிதான் குழந்தை நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியது.

கடைசியில் ஆள் வந்து பார்த்துவிட்டு, குழாயையே மாற்ற வேண்டும், கூலியோடு ஆயிரத்து எண்ணூறு என்றார், அதை நாங்கள் கொடுக்க வேண்டுமாம். அவர் போனதும் நானே கழற்றினேன். (வால்வை மூடி, திறந்து பார்த்துவிட்டுத்தான்.) வாஷர் கறுப்புப் பாகு மாதிரி விரலில் ஒட்டியது, நடுவில் மோதிரம் பதித்தாற்போல் வட்டமாகப் பள்ளம். அதைப் பிடித்திருந்த நட்டு வரவே இல்லை, வினிகரில் அரை மணி ஊறப்போட்டேன், பொங்கிப் பொங்கி உப்பு கரைந்தது, அப்புறம் வந்தது. வாஷர் அஞ்சு ரூபாய்.

சொட்டு நின்றது. மறுநாள் வீட்டுக்காரர் "என்னைக் கேட்காமல் ஏன் கை வைத்தீங்க?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். பழைய வாஷரைக் கையில் எடுத்துக் காட்டினேன், அதைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அந்த முகம்தான் மறக்கவில்லை.

பழைய_ஃபிட்டர்

தங்கச்சி செய்தது சரியான வேலை. அதில் சிலது சேர்த்துச் சொல்கிறேன், முப்பது வருடம் இதே தொழில்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். குழாய் மூடியிருக்கும்போது மூக்கில் சொட்டினால் வாஷர், அல்லது வாஷர் உட்காருகிற சீட். திறந்திருக்கும்போது கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் வாஷரைத் தொடவே வேண்டாம். அது க்ளாண்டு, தண்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கிற இடம். கைப்பிடிக்குக் கீழே சின்ன நட்டு இருக்கும், அதைக் கால் சுற்று இறுக்கினாலே பாதி நேரம் நிற்கும். நிற்கவில்லை என்றால் அந்த நட்டைக் கழற்றி, டெப்லான் டேப்பை நூல் மாதிரி முறுக்கி நாலு சுற்றுச் சுற்றித் திரும்ப இறுக்குங்கள். அந்தக் காலத்தில் நாங்கள் சணல் சுற்றுவோம்.

அடுத்தது, புது வாஷர் போட்டும் சொட்டுகிறது என்பவர்கள் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு சீட்டைத் தடவிப் பாருங்கள். விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் நெருடினால் எத்தனை வாஷர் போட்டாலும் அந்த இடம் அதைத் தின்றுவிடும். சீட் கட்டர் என்று ஒன்று இருக்கிறது, ரெண்டு சுற்றுச் சுற்றினால் விளிம்பைச் சமப்படுத்திவிடும். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள், அதற்கென்று கருவி வாங்க வேண்டாம்.

தலைப்பகுதியைக் கழற்றுவதற்கு முன்பும் சரி, திரும்பப் பூட்டும்போதும் சரி, கைப்பிடி திறந்த நிலையில் இருக்கட்டும். மூடிய நிலையில் இறுக்கினால் வாஷர் சீட்டில் நசுங்கும், முதல் நாளே பாதி ஆயுள் போய்விடும். செருப்பு ரப்பரில் வெட்டி வாஷர் போடுவது ஒரு ராத்திரிக்குச் சரி, அதையே விட்டுவிடாதீர்கள். கீசர் லைனுக்கு அதுவும் கூடாது, வெந்நீரில் சீக்கிரம் கெட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேல், சொட்டுகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்காதீர்கள். அந்த மோதிரப் பள்ளம் அப்படித்தான் விழுகிறது.

ஸ்பேனர் செட் தம்பி, எல்போ உடைந்ததற்குக் காரணம், ஒரு கையால் திருகியிருப்பீர்கள். சுவரில் பிளாஸ்டிக் பைப் என்றால், முதலில் கையால் லேசாக முன்னும் பின்னும் அசைத்து இளக்க வேண்டும். வரவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் குழாய் வருகிற இடத்தில் பித்தளை மரை வைத்த எல்போ போடச் சொல்லுங்கள்.

என் கதை என்று ஒன்றுதான். ஒரு அம்மா வீட்டில் வேலை முடித்துவிட்டுக் கிளம்பினேன், தெருமுனை வரை போனவனைக் கூப்பிட்டு, "தம்பி, ராத்திரி இந்தச் சத்தம்தான் எனக்குத் துணையா இருந்துச்சு" என்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஸ்பேனர்_செட்

ஒரு கையால்தான் திருகினேன், ஐயா. சரி.

திருப்பூர் சகோதரிக்கு, மனம் நோகச் சொல்லவில்லை. மடிப்பாக்கத்துக்காரர் மாதிரி இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் எழுதினேன்.

சிறுவாணித்தண்ணி

மடிப்பாக்கம் அண்ணா, அந்தப் பாட்டிக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடைத்ததா?

மடிப்பாக்கம்_மாடிவீடு

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

எங்கள் வீட்டில் பிடித்து வைத்திருந்தது மூன்று குடம். பெண் அப்போது ஒன்றாம் வகுப்பு. ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு குடத்தைக் கீழே கொண்டுபோய் வைத்து நடந்ததைச் சொன்னேன். லாரிக்கு நாலு வீட்டுப் பங்கையும் இந்தத் தடவை நானே முழுதாகப் போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ஒரு குடத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார். இன்னொன்றைக் காட்டி, "இதை எடுத்துட்டுப் போ, குழந்தை இருக்கிற வீடு" என்றார்.

அடுத்த லாரி மூன்றாம் நாள்தான் வந்தது. அதற்குள் மாடியில் நாலு லைனுக்கும் பால் வால்வு மாற்றிவிட்டேன். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை டிவியில் காட்டினார்கள், பாட்டி எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தார். இப்போது மகன் வீட்டோடு மதுரையில் இருக்கிறார். குடம் ஒன்று எங்களுடையது அவரிடமே இருக்கிறது, நான் கேட்கவில்லை.