சம்ப் மூடி திறந்தே கிடக்கிறது, குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டான்

பெரம்பூர் அம்மா:
தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மகனுக்கு 14 மாதம், நடக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. வாசல் கேட்டுக்கும் எங்கள் கதவுக்கும் நடுவில்தான் சம்ப், அதாவது தரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மூடி பழைய தகரம், துருப்பிடித்து ஒரு மூலை வளைந்து கிடக்கிறது. தண்ணீர் லாரி வரும் நாளில் திறந்து குழாயை விடுவார்கள், நிரம்பிய பிறகு யாரும் மூடுவதில்லை. போன செவ்வாய் அடுப்பில் பால் பொங்குகிறதே என்று உள்ளே ஓடினேன். திரும்பி வந்தால் இவன் சம்ப் விளிம்பில் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்க்கிறான். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. வீட்டுக்காரர் "இத்தனை வருஷமா இப்படித்தானே இருக்கு" என்கிறார். என்ன செய்யலாம்? வீட்டுக்குள் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

கொரட்டூர் பாட்டி:
வீட்டுக்காரர் மனசு மாறும்வரை காத்திருக்காதேம்மா. மூடியை மட்டும் மாற்றினால் போதாது, லாரிக்காரர் எப்படியும் திறக்கத்தான் போகிறார். வெல்டிங் கடையில் அளவு கொடுத்து, மூடிக்குக் கீழே உட்காரும்படி ஒரு இரும்புக் கம்பி கிராதி செய்யச் சொல். குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டால் போதும். மூடி திறந்தே கிடந்தாலும் பிள்ளை உள்ளே விழமாட்டான். எங்கள் வீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறோம். மேல் மூடிக்குக் கொண்டி வைத்துப் பூட்டும் போட்டுவிடு.

சம்ப்பை விடப் பாத்ரூம் பக்கெட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். இந்த வயதில் தலை கனம். கவிழ்ந்துவிட்டால் தூக்கத் தெரியாது, சத்தமும் வராது. அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே ஆபத்து. தண்ணீரைக் குடத்தில் பிடித்து மூடி வை, பக்கெட்டைக் கவிழ்த்து வை, பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடு.

அப்புறம் பூஜை அலமாரி. இதை யாரும் யோசிப்பதில்லை. என் பேரன் ஒன்றரை வயதில் கற்பூரத்தைக் கல்கண்டு என்று நினைத்து வாயில் போட்டுவிட்டான். கால் மணி நேரத்துக்குள் வலிப்பு. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடினோம். பக்கத்து வீட்டில் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொன்னார்கள். நல்லவேளை, செய்யவில்லை. வலிப்பு நேரத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். பிள்ளை பிழைத்தான். அன்றிலிருந்து கற்பூரமும் அந்துருண்டையும் எங்கள் வீட்டில் பரண் மேல்தான்.

வார்டு நர்ஸ்:
பாட்டி சொன்னது சரி. இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ரிமோட், பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே உடனே எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போங்கள், மலத்தில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சூடான ரசமோ டீயோ கொட்டினால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் பூச வேண்டாம். ஆசிட், பினாயிலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். அவசரத்துக்கு 108.

பெரம்பூர் அம்மா:
மிக்க நன்றி பாட்டி, நர்ஸ் அக்கா. சம்ப் வாய் இரண்டு அடிக்கு இரண்டு அடி. தெருமுனை வெல்டிங் கடையில் சனிக்கிழமை தருகிறேன் என்றார்கள். கற்பூர டப்பாவை லாஃப்டில் ஏற்றியாயிற்று. கிராதி வரும்வரை மூடிமேல் அம்மிக்கல்லை வைத்திருக்கிறோம். லாரி வந்தால் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே பக்கத்தில் நிற்கிறேன்.