ஒரே கீபோர்டில் தப்பும் ஆர்மோனியமும்: ரீப்பரில் பிரிப்பது எப்படி?

கேள்வி (ஹற்றன்):
மலையகத்தின் நாட்டார் கூத்தான காமன் கூத்தின் பாடல்களை, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து வருகிறேன். என் கீபோர்ட் அனைத்தையும் மிடியின் (கட்டை அழுத்தங்களைத் தரவாக அனுப்பும் முறை) முதலாம் சேனலிலேயே அனுப்புவதால், இடக்கையில் தப்பும் (பறை வகை மேளம்) வலக்கையில் ஆர்மோனியமும் தனித்தனியே ஒலிக்கச் செய்ய வழி உண்டா? பெடலை மிதித்தால் தப்பொலியும் நீண்டு இழுபடுகிறது.

பதில் (பண்டாரவளை):
இரண்டு ட்ராக்குகளுக்கும் அதே கீபோர்டையே உள்ளீடாகக் கொடுத்து, இரண்டையும் பதிவுக்குத் தயாராக்கி, மொனிட்டரிங்கையும் (வாசிப்பதை உடனே கேட்கும் வசதி) இயக்கிவிடுங்கள். பின்னர் ஒவ்வொன்றிலும் வாத்தியத்துக்கு முன்பாக மிடி நோட் ஃபில்டரை (குறித்த கட்டைகளை மட்டும் கடக்க விடும் வடிகட்டி) வைத்து, தப்புக்குக் கட்டை எண் 0 முதல் 59 வரையும் ஆர்மோனியத்துக்கு 60 முதல் 127 வரையும் எல்லை இடுங்கள். ஸ்வரப் பெயரை நம்பாமல் எண்ணையே பாருங்கள். 60ஆம் கட்டையைச் சில நிறுவனங்கள் சி3 என்றும் வேறு சில சி4 என்றும் எழுதுகின்றன. சுருதி மாற்றுவதானால் ஃபில்டருக்குப் பின்னரே மாற்ற வேண்டும். முன்னே மாற்றினால் பிரியும் இடமும் நகர்ந்துவிடும்.

பதில் (பதுளை):
மேற்கூறியது சரியே, ஆனால் அது பெடலைத் தீர்க்காது. பெடல் ஸ்வரமாக அன்றி 64ஆம் இலக்கக் கண்ட்ரோல் செய்தியாகச் செல்வதால், அதன் மதிப்பு 64 அல்லது அதற்கு மேல் இருக்கும்வரை, கட்டையை விட்ட பிறகும் வாத்தியம் ஒலியை நிறுத்தாது. தப்பு ட்ராக்கில் மட்டும் அந்தச் செய்தியைத் தடுத்துவிடுங்கள்.