மலையில் தற்காலிக நிலநடுக்க நிலையம்: இடம் பார்ப்பது எப்படி?

கேள்வி: 2015 கோர்க்கா நிலநடுக்கத்துக்குப் (அளவு 7.8) பிறகு நேபாளத்தில் செய்ததுபோல, மலையில் தற்காலிகமாக நிலநடுக்கமானிகளை வைக்க எப்படி இடம் தேர்வது?

பதில்: முதலில் பாறை தேடுங்கள். தளர்ந்த மண்ணில் மழைக்குச் சென்சார் (அதிர்வை உணரும் கருவி) சாய்ந்துவிடும். சென்சாரை வைக்கத் தோண்டும் குழியின் அடியில் சிமென்ட் போட்டு, அதன் ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை கால் திருகுகளைத் திருப்பி, அதன்மேல் உள்ள அம்புக்குறியை உண்மையான வடக்குக்கு வையுங்கள். திசைகாட்டி காட்டும் காந்த வடக்கு வேறு. பெரிய மரத்தடி வேண்டவே வேண்டாம். காற்றில் மரம் ஆடினால் வேரும் அசையும், பதிவு முழுக்க இரைச்சல்தான்.

கேட்டவர்: சரி, மின்சாரம்?

பதில்: சோலார், பேட்டரி. அங்கே வடக்குச் சரிவில் குளிர்கால வெயில் சரியாக விழாது, தெற்குச் சரிவாகப் பாருங்கள்.

இன்னொருவர்: பள்ளிக்கூட வளாகம் கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பதிவைக் காட்டுங்கள், அப்புறம் அவர்களே காவல்.